செவ்வாயில் சம்பா அரிசி வேகுமா?

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, படிப்பு பி.காம்., அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், கணக்கு எழுதும் வேலை. செவ்வாய்க் கோளில் குடியிருப்பு கட்டும் வேலைக்குப் போன குளச்சல்காரன் சேவியரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியபின் கதை நகரவில்லை என்கிறார். பொறியியல் படித்த அத்தை மகன் வாசித்துவிட்டு, “அறிவியலும் தப்பு, கதையும் பாடப்புத்தகம் மாதிரி இருக்கு” என்றாராம். அறிவியல் புனைகதை எழுதுகிறவரின் ஒரு நாள் எப்படிப் போகும், இயற்பியல் படிக்காதவர் எழுதலாமா, ஆங்கிலச் சொற்களை என்ன செய்வது, எங்கே அனுப்புவது, காசு வருமா என்று கேட்கிறார். மாதிரிக்கு மூன்று பக்கமும் கூடவே வந்திருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அத்தை மகன் சொன்ன இரண்டும் ஒரே குறைதான். கணக்கைப் போட வேண்டிய இடத்தில் போடாமல், அதைக் கதைக்குள் ஒப்பித்திருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய இயற்பியல் பட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் போதும். அண்டி ஆபீஸில் ஒரு மூட்டை குறைந்தால் எந்தப் பதிவில் குறைந்தது என்று பின்னோக்கித் தேடுவீர்களே, அந்தப் பழக்கம்தான் இங்கே மூலதனம். இந்த எழுத்து வேலையில் கற்பனை என்று சொல்லத்தக்கது ஒரு நாளில் பத்து நிமிடம் நடந்தால் அதிகம். மிச்சமெல்லாம் கணக்கும் அதன் விளைவைத் துரத்திக்கொண்டு போவதும்தான்.

எல்லா நாளும் ஒன்றுபோலப் போகாது. கணக்கு நாள், எழுதும் நாள், அடித்துத் திருத்தும் நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஐந்து நாள் எழுத்து, ஞாயிறு மதியத்துக்கு மேல் கணக்கு என்று வைத்தால் தாங்கும். ஒரே அமர்வில் இரண்டையும் செய்யப் போனால் இரண்டும் கெடும். எழுதிக்கொண்டிருக்கும்போது செவ்வாயின் வெப்பநிலை என்ன என்று தேட இணையத்தைத் திறந்தால் அன்றைய எழுத்து அதோடு சரி. எண் தெரியாத இடத்தில் ‘##’ என்று போட்டுவிட்டு மேலே போங்கள். ஞாயிற்றுக்கிழமை ‘##’ எங்கெங்கே இருக்கிறது என்று தேடி ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம்.

கணக்கு நாளுக்குத் தனி நோட்டு வேண்டும். நான்கு பத்தி போடுங்கள்: எண், அது வந்த வழி, எங்கே என்றைக்குப் பார்த்தது, கதையில் எந்தப் பக்கம். இரண்டாவது பத்திதான் உயிர். ஆறு மாதம் கழித்து ஒரு வாசகர் சண்டைக்கு வந்தால் காப்பாற்றுவது அதுதான். செயலியிடம் கேட்டு வாங்கிய விடையானாலும் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அலகில்தான் நுழையும்: மீட்டரும் கிலோமீட்டரும், நிமிடமும் விநாடியும். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு கலமே 1999இல் பவுண்டு, நியூட்டன் குழப்பத்தில் போய்விட்டது. நமக்கு ஒரு அத்தியாயம்தான் போகும்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியது:

“செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியில் 38 சதவீதம் என்பதால் சேவியர் மிதப்பதுபோல் நடந்தான். அலைபேசியில் அம்மாவை அழைத்தான். ‘சாப்பிட்டாயா மகனே?’ என்றாள் அம்மா. ‘சாப்பிட்டேன் அம்மா’ என்றான்.”

38 என்ற எண் சரி. ஆனால் அது வந்த வேகத்தில் போய்விட்டது, கதையில் எதையும் மாற்றவில்லை. அந்தத் தொலைபேசி உரையாடலோ நடக்கவே முடியாதது. செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் சுமார் 40 கோடி. ஒளியும் வானொலி அலையும் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் ஒரு வழிக்கு 3 நிமிடம் முதல் 22 நிமிடம். அம்மா கேட்டு, மகன் சொன்ன பதில் அவள் காதில் விழக் குறைந்தது 6 நிமிடம், கூடினால் 44. இது தொலைபேசி அல்ல, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிற மாதிரி. சூரியன் நடுவில் வரும் காலத்தில் இரண்டு வாரம்போல அதுவும் தடைப்படும். ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை இது வரும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, பலரும் கோட்டைவிடுவது. செவ்வாயில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அம்மா தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போகுமுன் பேசுகிறாள் என்று வையுங்கள். சேவியரின் கடிகாரத்தில் அது நாளுக்கு நாற்பது நிமிடம் நகர்ந்துகொண்டே இருக்கும். 18 நாள் கழித்து அவளுடைய விடிகாலை அவனுக்கு அந்தி. 36 நாள் ஆனால் மறுபடி ஒத்துவரும். அந்த வீட்டில் காலண்டர் பக்கத்தில் இன்னொரு காலண்டர் தொங்கும். அதை யார் பார்த்துச் சொல்வார்? ஸ்கூலுக்குப் போகும் தங்கச்சி மகளா? உங்கள் கதைக்கு ஒரு பாத்திரம் அங்கேயே கிடைத்தாயிற்று.

இதையெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டாம், உங்கள் கடற்கரைக்கே தெரியும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கரைக்குத் திரும்புவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள். பதில் வராத நாட்களை ஒரு வீடு எப்படி எண்ணும் என்பதைக் கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காளிடம் இருந்து கற்றுக்கொள்ளலாம். விண்வெளி அறிவை இறக்குமதி செய்யலாம். இதை முடியாது.

அடுத்தது ஈர்ப்பு. 38 சதவீதம் என்பதை மிதப்பு, துள்ளல் என்று எழுதுவது எல்லோரும் போன பாதை. அந்த எண்ணை அடுக்களைக்குக் கொண்டு போங்கள். குடியிருப்புக்குள் காற்றழுத்தம் எவ்வளவு? பூமியில் உள்ளதுபோல முழுதாக வைத்தால் சுவர்மேல் விசை கூடும், கட்டடம் கனக்கும். வெளியே போகும் உடையில் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளும் புறமும் மாறி மாறிப் போவதும் சிரமம். ஆகவே அழுத்தத்தைப் பாதியாக்கி, ஆக்சிஜன் விகிதத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் முடிவுசெய்யலாம். நியாயமான முடிவுதான். பாதி அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 81 டிகிரியில் கொதித்துவிடும். அதற்குமேல் சூடேறாது, ஆவிதான் போகும். நம் சிவப்புச் சம்பா அரிசி இங்கேயே நின்று வேகிற சாதி. அங்கே பானையில் போட்டால் மணிக்கணக்கில் கொதித்தும் நடுவில் கல் இருக்கும்.

சரி, குக்கர் கொண்டுபோகட்டும் என்பீர்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது. குக்கருக்குள் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது விசிலின் எடை. வீட்டு குக்கர் விசில் சுற்றுப்புறத்துக்குமேல் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்படி செய்யப்படுகிறது. அதனால் இங்கே உள்ளே 120 டிகிரி வரை போகும். செவ்வாயில் அதே விசிலின் எடை 38 சதவீதம்தான். சுற்றுப்புற அழுத்தம் 0.5, விசில் சேர்ப்பது 0.38, கூட்டினால் 0.88. தண்ணீர் 96 டிகிரி சுற்றிலேயே கொதித்து விசில் தூக்கிவிடும். அதாவது செவ்வாயில் குக்கர் வைத்தாலும் குளச்சலில் மூடாத பானையில் கிடைக்கும் சூடுகூட வராது. விசில் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இங்கே விசில் சேர்க்கும் அதே அழுத்தத்தை அங்கேயும் சேர்க்க வேண்டுமென்றால் விசில் 2.6 மடங்கு கனமாக இருக்க வேண்டும். சேவியர் என்ன செய்வான்? வேலைத்தளத்திலிருந்து ஒரு நட்டை எடுத்து வந்து விசில்மேல் கம்பியால் கட்டுவான்.

அந்த நட்டு கிடைக்கும்வரை கணக்குப் போடுங்கள். கையால் தொடக்கூடிய ஒரு பொருள் கிடைத்ததும் நோட்டை மூடிவிடலாம். 38, 0.5, 81 எதுவும் கதைக்குள் வரத் தேவையில்லை. இப்போது அந்தப் பத்தியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“அம்மாவின் சத்தம் வந்தபோது சேவியர் விசில்மேல் இரண்டாவது நட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். ‘மக்களே, சோறு தின்னியா?’ பதினேழு நிமிடத்துக்கு முந்திய அம்மா. அரிசியை எடுத்து நசுக்கிப் பார்த்தான். நடுவில் வெள்ளை. ‘தின்னேன்’ என்று சொல்லி அனுப்பினான். அது குளச்சலுக்குப் போய்ச் சேரும்போது அவள் பூசைக்கு இறங்கியிருப்பாள்.”

ஈர்ப்பு, அழுத்தம், ஒளியின் வேகம் மூன்றும் உள்ளே இருக்கின்றன, ஒரு பொய்யும் சேர்ந்துவிட்டது. அத்தை மகனிடம் காட்டுங்கள். குக்கர் கணக்கைச் சரிபார்க்கக் காகிதம் எடுத்தால் உங்கள் கதை அவரைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

ஆங்கிலச் சொல் பற்றி. விண்கலம், சுற்றுப்பாதை, ஈர்ப்பு போன்றவை நிலைத்துவிட்டன, தயங்காமல் போடலாம். ரோபோ, ஆக்சிஜன், பேட்டரி எல்லாம் தமிழ் வாசகரின் வீட்டுச் சொற்கள். சிக்கல் நீங்கள் புதிதாக உண்டாக்கியவற்றில் இருக்கிறது. ‘அழுத்தச் சமனாக்க இடைநிலை அறை’ என்று ஒரு பக்கத்தில் ஏழு முறை வருகிறது. உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு, நடுவில் நின்று காற்றை இறக்கி ஏற்றும் இடம், அவ்வளவுதானே. பத்துப் பேர் தினமும் நாலு தடவை நுழையும் இடத்துக்கு அவர்கள் இரண்டு நாளில் பேர் வைத்துவிடுவார்கள்: ‘நடுக்கூடு’, ‘இடைவாசல்’, இல்லாவிட்டால் வெறுமனே ‘நடை’. புதுச்சொல்லுக்குச் சோதனை ஒன்றுதான். ஆபத்தில் ஒருவன் கத்திச் சொல்ல முடியுமா? ‘நடையைச் சாத்துடே!’ என்று கத்தலாம். மற்றதைக் கத்தி முடிப்பதற்குள் காற்று போய்விடும். கடற்கரையில் யாரும் ஜிபிஎஸ்ஸை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. அதே ஆட்கள்தான் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திசைவாரியாகத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது, எதை உண்டாக்குவது என்ற நியாயம் அதிலேயே இருக்கிறது. வட்டார வழக்கை உரையாடலில் மட்டும் வையுங்கள். கதைசொல்லியின் தமிழிலும் ‘எனக்க’, ‘ஒனக்க’ என்று நிரப்பினால் வெளியூர் வாசகர் மூன்றாம் பக்கத்தில் இறங்கிவிடுவார். இன்னொன்று: குளச்சல் கடற்கரைப் பேச்சும் விளவங்கோட்டு உள்நாட்டுப் பேச்சும் ஒன்றல்ல, சேவியருக்கு உங்கள் வீட்டுப் பேச்சைக் கொடுத்துவிடாதீர்கள்.

களப்பணிக்கு ராக்கெட் தளத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். போக ஆசை இருந்தால் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய், தும்பாவில் பழைய மரிய மக்தலேனா தேவாலயக் கட்டடத்தில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் போனது அந்த மீனவ ஊரிலிருந்துதான். ஆனால் சேவியரின் வேலையைத் தெரிந்துகொள்ள முப்பந்தல் போதும். காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஆள் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். “உங்க வேலையைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டால் ஒன்றும் வராது. ஐந்து குறுகிய கேள்வி எழுதிக்கொண்டு போங்கள்: மேலே போனதும் முதலில் எதை மாட்டுவீர்கள்? கீழே மறந்து வைத்துவிட்டு வந்தால் கோபம் வரும் கருவி எது? எந்தக் காற்றுக்கு ஏற மாட்டீர்கள்? கையுறை போட்டுக்கொண்டு செய்ய முடியாத வேலை எது? மேலே தாகம் எடுத்தால்? இந்த ஐந்துக்கான பதில்களும் செவ்வாயில் உடை மாட்டி வேலை செய்கிறவனுக்கு அப்படியே பொருந்தும். கையுறைக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்வெளி உடையில் விரல் மடக்குவதே பெரும்பாடு, நகம் கழன்றவர்கள் உண்டு.

படிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்’ என்ற செய்தியை வைத்துக் கதை கட்டாதீர்கள். அந்த ஆய்வின் சுருக்கத்தையாவது தேடிப் பிடித்து, அதில் ‘இருக்கலாம்’ என்று இருப்பது செய்தியில் ‘இருக்கிறது’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் ஆகியிருக்கும்.

எழுதும் நாள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம்தான் உங்களுக்கும் தோது, விடியற்காலை நாலரை முதல் ஆறு. வேலை முடிந்து வந்து ராத்திரி எழுதுவது இரண்டு வாரத்துக்குமேல் நிலைக்காது. முதல் பத்து நிமிடம் நேற்றைய கடைசிப் பத்தியை வாசியுங்கள், திருத்தாதீர்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் 400 சொல். தமிழில் 400 என்பது குறைவல்ல. வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொள்வதால் நம் சொல் நீளமானது. மிச்ச இருபது நிமிடத்தில் நாளைக்கு எங்கே தொடங்குவது என்று ஒரு வரி எழுதி வையுங்கள், முடிந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள். ஐந்து நாளில் 2,000 சொல், ஒரு சிறுகதைக்கு அது போதும். நாற்பது பக்கத்தில் நின்றதற்குக் காரணம் சோம்பல் அல்ல, முதல் கதையையே நாவலாக எடுத்துக்கொண்டது. அந்த நாற்பதில் இரண்டு சிறுகதை இருக்கிறது.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகை பழகப் பத்து நாள் ஆகும், பிறகு கை நோகாது. பழைய எழுத்துரு எதிலாவது அடித்து அனுப்பினால் ஆசிரியர் மேசையில் அது கட்டம் கட்டமாகத் திறக்கும், அவர் மூடிவிடுவார். ஐப்பசி சாயங்காலங்களில் இடி தொடங்கினால் கணினி, மோடம் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கோப்பை நாள்தோறும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள்.

திருத்தும் நாளில் முதலில் வெட்ட வேண்டியது ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று தொடங்கும் உரையாடல். தெரிந்தவனிடம் எதற்குச் சொல்கிறாய்? வாசகருக்குத்தான் சொல்கிறாய். அடுத்தது ஆண்டு. 2035 என்று நீங்கள் போட்டிருக்கிறீர்கள், புத்தகம் விற்று முடிவதற்குள் அது வந்துவிடும். ‘அம்மாவின் ஐம்பதாவது வயதில்’ என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மூன்றாவது, நடக்க முடியாத ஒன்றை மட்டும் வாசகர் கதைக்காக ஒத்துக்கொள்வார். உங்கள் கதையில் செவ்வாய்க் குடியிருப்பு இருக்கிறது, அதோடு பேசும் கல்லும் இருக்கிறது. கல்லை அடுத்த கதைக்கு எடுத்து வையுங்கள்.

அனுப்புவது: ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு, அதன் பழைய இதழ்கள் மூன்றையாவது வாசித்தபின். தேதி, இதழ், கதை, பதில் என்று ஒரு பேரேடு வையுங்கள், அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் மௌனம் என்றால் ஒரு வரி நினைவூட்டல் அனுப்பிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பலாம். காசு? இணைய இதழ்கள் பலவும் சன்மானம் தருவதில்லை. புத்தகமாக வந்தால் உரிமைத்தொகை வழக்கமாக விலையில் 10 விழுக்காடு பேசப்படும். விலை 200 ரூபாய், விற்றது 300 பிரதி என்றால் உங்களுக்கு 6,000. அண்டி ஆபீஸ் வேலையை விடாதீர்கள்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி உரிமையைக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ‘அனைத்து உரிமைகளும்’ என்ற ஒரு சொல்லில் மொழிபெயர்ப்பும் திரைப்படமும் போய்விடும், அதை அடித்துவிட்டு ‘தமிழ் அச்சுநூல் உரிமை’ என்று எழுதச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காகக் கோபப்படும் பதிப்பாளரிடம் புத்தகம் கொடுக்காமலிருப்பதே லாபம்.

கடைசியாக உங்கள் 38ஆம் பக்கம், கதை நின்ற இடம். புழுதிப்புயல் வந்து குடியிருப்பின் கூரையைப் பிய்த்து எறிகிறது, அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். பிய்க்காது. செவ்வாயில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரில் வீசினாலும் அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் அறுபதில் ஒரு பங்குதான். தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அறுபதின் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.7, நூறை அதனால் வகுத்தால் 13. ஆரல்வாய்மொழியில் 13 கிலோமீட்டர் காற்றைக் ‘காற்றே இல்லை’ என்பார்கள். புழுதி செய்வது வேறு வேலை. அது வாரக்கணக்கில் வெயிலை மறைக்கும், சூரியத் தகடுகள்மேல் படியும். 2018 ஜூனில் கோள் முழுக்கப் பரவிய புயலில் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி மின்சாரம் இல்லாமல்தான் அடங்கிப்போனது. ஆகவே கூரை பறக்கும் இரண்டு பக்கத்தை எடுத்துவிடுங்கள். கூரை அப்படியே இருக்கட்டும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையட்டும். அடுப்பை முதலில் நிறுத்துவார்கள். சேவியர் துடைப்பம் எடுத்துக்கொண்டு தகடுகளைத் துடைக்க வெளியே போகட்டும், அவன் வெளியே இருக்கும்போது குளச்சலிலிருந்து அந்தக் கேள்வி மறுபடி வரட்டும். 39ஆம் பக்கத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.